இதரப் பிரிவின் நாற்காலி

ஜூன் மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணிக்கு, மாநகரக் கலைப்பயிற்சி அங்கீகார மானிய வாரியத்தின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில் இருந்தவர்கள், அமர்ந்திருந்த வரிசைப்படி:

மேசையின் தலைமாட்டில் இயக்குநர் ரகுராம். நாற்காலி முதுகில் வெள்ளைத் துண்டு. அவருக்கு வலப்பக்கம் சாஸ்திரிய இசை நிபுணர்; துண்டு உண்டு. இடப்பக்கம் நாட்டார் கலை நிபுணர்; துண்டு உண்டு, ஓரம் பிரிந்திருந்தது. எதிரே மேற்கத்திய இசை நிபுணர். துண்டு சலவைக்குப் போயிருந்ததால் கைக்குட்டை. ப்ளக் பாயின்ட் இருந்த சுவரோரம் ஆலோசகர் ஷில்பா, லேப்டாப்புடன். பீரோவுக்குப் பக்கத்தில், ஸ்டூலில், கண்காணிப்பாளர் கோவிந்தப்பா. கதவோரப் பெஞ்சில் பிரபாவும் நானும். வராந்தாவில், நின்றபடி, உத்தமனும் பெரிய டிரம்மும். டிரம்முக்கு விசிட்டர் பாஸ் கிடைக்கவில்லை. அதைத் தனியே விட்டுவிட்டு உள்ளே வர உத்தமன் சம்மதிக்கவில்லை.

மேற்கத்திய நிபுணருக்கும் ஷில்பாவுக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன் முன்னால் ‘இதர’ என்று பெயர்ப்பலகை. துண்டின் பிளாஸ்டிக் உறையை யாரும் பிரித்திருக்கவில்லை.

என் பெயர் தனக்கோடி. பேரணாம்பட்டில் பத்தாவது வரை படித்தேன். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை, இணைப்பு என்ற வரிசை தவறாமல் கடிதம் எழுத அங்கே கற்றுக்கொண்டேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் டெஸ்பாட்ச் பிரிவில் பத்தொன்பது வருடமாக அந்த வரிசைதான் எனக்குச் சோறு போடுகிறது. ஆஸ்டின் டவுன் நியூ ஜூப்ளி பேண்ட் பயிற்சிக் குழுவுக்கு என்னைச் செயலாளராக வைத்திருப்பதும் அதனால்தான். எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்க வராது.

வாசிக்கக் கற்றுத்தருகிறவள் பிரபா. பகலில் ஒரு ஐ.டி. கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர், ஆறரை மணிக்கு மேல் டிரம்பெட். பதினான்கு பிள்ளைகள் படிக்கிறார்கள், ஒன்பது பேர் பெண்கள். பழைய ரேஷன் கடைக்கு மேலே இருக்கும் மாநகராட்சி அறைதான் வகுப்பு. அந்த அறை இல்லையென்றால் வகுப்பு இல்லை. எங்கள் வீடுகளில் ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். டிரம்பெட்டைத் துடைத்தாலே பக்கத்து வீட்டில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர் எழுந்து வந்துவிடுவார்.

வார்டு அலுவலகம் அந்த அறையைக் கேட்டது. அவர்களிடம் உடைந்த மேசைகள் நிறையச் சேர்ந்துவிட்டன. கலைப்பயிற்சி நிலையம் என்று வாரியத்தின் அங்கீகாரக் கடிதம் காட்டினால் அறையை விட்டுவைப்பதாகவும், அக்டோபர் முப்பதாம் தேதிக்குள் காட்டாவிட்டால் மேசைகள் வரும் என்றும் நோட்டீஸ் கொடுத்தார்கள். முன்பக்கக் கன்னடத்தைப் பிரபா எனக்குத் தமிழில் சொன்னாள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் பன்னிரண்டு நிபந்தனைகள். மூன்றாவதிலேயே அவள் கொட்டாவி விட்டாள். போதும், முன்பக்கமே முக்கியம் என்று சொன்னவன் நான்தான்.

கூட்டம் கன்னடமும் ஆங்கிலமுமாக நடந்தது. எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

“இவர்கள் உட்கார்ந்து வாசிப்பார்களா, நின்று வாசிப்பார்களா?” என்று சாஸ்திரிய நிபுணர் கேட்டார்.

“நடந்துகிட்டே சார்,” என்றாள் பிரபா.

அவர் பேனாவை மூடினார். “நடந்துகொண்டே செய்வதை நாங்கள் இசை என்பதில்லை. அது போக்குவரத்து.”

நாட்டார் கலை நிபுணர் எங்களைக் கனிவோடு பார்த்தார். “மண், மரம், தோல் என்றால் என் பிரிவு. இது பித்தளை. அதுவும் போகட்டும், கலைஞர்கள் கொஞ்சம் எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஆஸ்டின் டவுனுக்கு ஆட்டோ போகிறது. ஆட்டோ போகிற இடத்தில் நாட்டார் கலை இருப்பதாக நான் எழுதினால் நாளைக்கு எல்லோரும் போய்ப் பார்த்துவிடுவார்கள்.”

“பெரிய டிரம்மு தோலுதான் சார்!” என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

“வராந்தாவின் கருத்தைக் குறிப்பில் சேர்க்க வேண்டாம்,” என்றார் ரகுராம். ஷில்பா அதையும் குறித்துக்கொண்டார்.

மேற்கத்திய நிபுணர் நோட்டேஷன் உண்டா என்று கேட்டார். பிரபா, கேட்டுக் கேட்டு வாசிப்போம் என்றாள். “கேட்டா?” என்றார் அவர், திருட்டுப் பொருள் விற்கிறவளைப் பார்ப்பதுபோல.

பிறகு இயக்குநர் எழுந்தார். எழுந்ததும் கோவிந்தப்பா துண்டை நேராக இழுத்துவிட்டார்.

“இந்த வாரியம் தொடங்கிப் பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு கலையைக்கூட நாங்கள் நிராகரித்ததில்லை. பெருமையோடு சொல்கிறேன். எல்லாமே பரிசீலனையில் இருக்கின்றன. நிராகரித்தால் கலைஞரின் மனம் புண்படும். அங்கீகரித்தாலோ மானியம் தர வேண்டிவரும், பிறகு அவர்கள் அதைச் செலவு செய்துவிடுவார்கள். பரிசீலனையில் இருக்கும்வரை கலைக்கும் ஆபத்தில்லை, எங்களுக்கும் ஆபத்தில்லை.”

மூன்று நிபுணர்களும் கைதட்டினார்கள். எங்களை ‘இதர’ பிரிவில் சேர்ப்பதென்று முடிவாயிற்று.

வெளியே வந்தபோது கோவிந்தப்பா விவரம் சொன்னார். தாயார் வேலூர்ப் பக்கம் என்பதால் அவருக்குத் தமிழ் வரும்.

“இதரக்கு எக்ஸ்பர்ட் யாரும் இல்ல சார். ஷுருலேருந்தே இல்ல. எக்ஸ்பர்ட் வந்து பார்க்காம லெட்டர் ஆகல்ல. உங்களுக்கு முன்னாடி எரநூத்தி பன்னெண்டு அப்ளிகேஷன் அந்த பீரோல குத்கொண்டு, உக்காந்துட்டு இருக்கு.”

“அப்ப இதரக்குன்னு வருஷா வருஷம் வர்ற மானியம்?” என்றாள் பிரபா.

“அதுலதான் அந்தச் சேர் வாங்கினோம் மேடம். துண்டும்.”

அன்றே கடிதம் எழுதத் தொடங்கினேன். பொருள்: இதரப் பிரிவுக்கு நிபுணர் நியமிக்கக் கோருதல். நான் தமிழில் எழுதுவேன், பிரபா கன்னடத்தில் பெயர்த்து எழுதுவாள், எலெக்ட்ரானிக் சிட்டி பஸ்ஸில் மடியில் பையை வைத்து அதன்மேல் தாளை வைத்து. பத்து நாளைக்கு ஒன்று வீதம் எட்டுக் கடிதம். ஒவ்வொன்றின் பார்வையிலும் முந்தையவை எல்லாம் வரிசையாக இருக்கும். எட்டாவது கடிதத்தில் பார்வை மட்டுமே முக்கால் பக்கம்.

செப்டம்பர் முதல் வாரம் பதில் வந்தது. பிரபா படிக்கப் படிக்க முகம் மாறியது.

“என்னாச்சு?”

“எக்ஸ்பர்ட் போட்டுட்டாங்க அண்ணா.”

“யாரு?”

“நீ.”

உத்தமன் தோளிலிருந்த தண்ணீர் கேனை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார். பகலில் கேன் போடுகிறவர் அவர். “யோவ் செக்ரெட்ரி, உனக்கு விசில் அடிக்கவே வராதே!”

விசாரித்ததில், தவறொன்றும் நடக்கவில்லை என்று தெரிந்தது. இதரப் பிரிவில் நிபுணத்துவம் உள்ளவர் யார் என்று ஷில்பா லேப்டாப்பில் தேடியிருக்கிறார். பதினொரு ஆண்டில் அந்தத் தலைப்பில் அதிகமாக எழுதியவன் நான். இரண்டாவது இடத்தில் ஒருவரும் இல்லை.

பதவியேற்கக் கம்பெனியில் அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கோவிந்தப்பா என்னைக் கண்டதும் ஸ்டூலைவிட்டு எழுந்தார். “இனிமே பெஞ்ச் பேடா சார், வேணாம், உள்ள வாங்க.” காலி நாற்காலியில் உட்கார்ந்தேன். துண்டு உறை முதுகில் ஒட்டியது. பிரிக்கலாமா என்று கேட்டேன். பிரித்தால் ஸ்டாக் ரிஜிஸ்டரில் ‘பயன்பாட்டில்’ என்று மாற்ற வேண்டும், அதற்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும் என்றார்.

“நியூ ஜூப்ளி ஃபைலை எடுங்க. இன்னைக்கே முடிச்சிடலாம்,” என்றேன்.

கோவிந்தப்பா ஃபைலை எடுத்தார். அதன்மேல் ஒரு தாளையும் வைத்தார். விண்ணப்பதாரரை எனக்குத் தெரியாது என்று நிபுணர் கொடுக்க வேண்டிய உறுதிமொழி.

“சார், இந்த செக்ரெட்ரி தனக்கோடிங்கறவரை உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு சைன் ஹாக்கிடுங்க.”

“அது நான்தானே?”

“ஹௌது சார். அதான் தெரியாதுன்னு எழுதுங்க.”

“என்னை எனக்குத் தெரியாதுன்னா?”

“ஜாஸ்தி தெரியாதுன்னு எழுதலாம் சார். அப்படி முன்னாடி ரெண்டு பேரு எழுதியிருக்காங்க.”

பொய் எழுத எனக்குக் கை வராது. விஷயம் இயக்குநர் வரை போயிற்று. நான் செயலாளர் பதவியை விட்டால் என் கையெழுத்துள்ள விண்ணப்பம் செல்லாது, புதிதாகப் போட்டால் இருநூற்றுப் பதினான்காவது ஆகும். நிபுணர் பதவியை விட்டால் நாற்காலி மறுபடி காலி. ரகுராம் கண்ணை மூடி யோசித்தார்.

“உறவு இருப்பது தவறில்லை மிஸ்டர் தனக்கோடி. நெருக்கம்தான் தவறு. எனக்கும் என் வீட்டில் உறவு இருக்கிறது. நீங்கள் இருவரும் வாய்மொழியாக எதுவும் பேசிக்கொள்ளக் கூடாது. எல்லாமே எழுத்து மூலம், தபாலில், முன்னறிவிப்போடு. அப்படியிருந்தால் வாரியத்துக்கு ஆட்சேபம் இல்லை.”

ஆகவே, நிபுணராகிய நான், செயலாளராகிய எனக்கு, பதினைந்து நாள் முன்னறிவிப்போடு, ஆய்வுக்கு வருவதாக ஸ்பீட் போஸ்டில் எழுதினேன். மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். வருகையை எதிர்பார்த்திருப்பதாகப் பதில் போட்டேன். ஒரு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. பேசினாலும், யாரிடம் பேசுகிறார்கள் என்று முதலில் கேட்க வேண்டியிருந்தது.

அக்டோபர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, ஆய்வு. பிள்ளைகள் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்கள். கோவிந்தப்பா கையில் பையோடு முன்னாலேயே வந்திருந்தார்.

“ஆய்வு அதிகாரியைச் செக்ரெட்ரி வாசல்ல நின்னு வரவேற்கணும் சார். போட்டோ வேணும்.”

நான் வாசலில் நின்றேன். யாரும் வரவில்லை.

“நீங்க கீழ போய் மேல வாங்க சார்.”

கீழே போய் மேலே வந்தேன். வாசலில் யாரும் இல்லை. பிள்ளைகளில் ஒருத்தி அடக்க முடியாமல் டிரம்பெட்டுக்குள்ளேயே சிரித்தாள். அது பெரிதாகக் கேட்டது. கடைசியில் செயலாளருக்குப் பதிலாக உத்தமன் நிற்பதென்று எழுத்து மூலம் அனுமதி தந்தேன். போர்த்துவதற்குச் சால்வை கேட்டார் உத்தமன். சால்வை சாஸ்திரியப் பிரிவுக்கு மட்டும்தான் என்று சொல்லி, கோவிந்தப்பா பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்தார். உறையோடு என் தோளில் போட்டார்கள். அது வழுக்கி இரண்டு முறை கீழே விழுந்தது.

பிறகு வாசித்தார்கள். எனக்கு இசை தெரியாது. ஆனால் அந்தப் பதினான்கு பிள்ளைகளும் மூச்சை ஒன்றாக இழுத்து, பிரபா தலையசைத்ததும் ஒன்றாக விட்டபோது, ஜன்னல் கம்பி அதிர்ந்ததை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். கீழே இட்லிக் கடை வைத்திருக்கும் ஷோபாக்கா கரண்டியோடு மேலே வந்து ஆடினார். பின்னால் சாப்பிட வந்தவர்களும் ஆடினார்கள்.

இதரப் பிரிவுக்கென்று ஆய்வுப் படிவம் இதுவரை அச்சாகவில்லை. சாஸ்திரியப் பிரிவின் படிவத்தைத்தான் நிரப்ப வேண்டும். நிரப்பினேன்.

பார்வையாளர்கள் அமைதியாக அமர்ந்திருந்தனரா? இல்லை. தம்பூராவுக்கு உரிய மரியாதை செய்யப்பட்டதா? தம்பூரா இல்லை. நிகழ்ச்சியின்போது எவரேனும் கண்ணீர் விட்டனரா? ஒரு கைக்குழந்தை விட்டது. காரணம் எழுத இடம் இல்லை என்பதால் முழு மதிப்பெண் ஐந்தும் போட்டேன். மொத்தம் முப்பத்தெட்டு. தேர்ச்சிக்கு நாற்பது வேண்டும்.

பிரபா தாளை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள்.

“ரெண்டு மார்க்கு. பேனா உன் கையிலதானே இருந்துச்சு?”

“பார்த்ததத்தான் எழுதணும் பிரபா.”

“நாங்க வாசிச்சதப் பார்த்தியா, தாளப் பார்த்தியா?”

“நான் இப்ப உங்கிட்டப் பேசக்கூடாது. எழுதித் தா.”

அவள் எழுதித் தரவில்லை. டிரம்பெட்டை உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். பிள்ளைகள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள், ஈரத் தரையைச் சுற்றிப் போவதுபோல. “தனக்கோடி, நீ எந்தப் பக்கம்னு சொல்லிடுய்யா,” என்றார் உத்தமன். “கேன் போடறப்பவாவது நான் யாரு வீட்டுக் கதவத் தட்டறேன்னு தெரியணும்.”

அன்றிரவு படிவத்தை மறுபடி கூட்டிப் பார்த்தேன்.

மதிப்பெண் குறைந்தாலும் வாரியம் நிராகரிப்பதில்லை. விளக்கம் கேட்டு நிபுணர் எழுத வேண்டும். இருபத்தேழாம் தேதி எழுதினேன். பொருள்: பார்வையாளர் அமைதி காவாமை, தம்பூரா இன்மை, விளக்கம் கோருதல். அனுப்புநர்: தனக்கோடி, நிபுணர். பெறுநர்: தனக்கோடி, செயலாளர். வாரியக் கடிதம் கன்னடத்தில்தான் போக வேண்டும் என்பதால், அங்கே ஷில்பாவிடம் சொல்லித் தட்டச்சு செய்து வாங்கினேன். பிரபாவிடம் கேட்க முகம் இல்லை.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு டெம்போ வந்துவிட்டது. கால் இல்லாத மேசைகள், மேசை இல்லாத கால்கள். வார்டு அலுவலகத்து உமேஷ் முன் சீட்டிலிருந்து இறங்கினார். பிள்ளைகள் படிக்கட்டில் வாத்தியங்களோடு உட்கார்ந்திருந்தார்கள், பள்ளிக்கூடம் போகவில்லை. மேல் படியில் பிரபா.

“எத்தேளிம்மா, எழுந்திரிங்க, சாமான் ஏத்தணும். டெம்போ வாடகை ஓடுது,” என்றார் உமேஷ்.

“இன்னும் சாயங்காலம் வரைக்கும் முப்பதாம் தேதிதான் சார்,” என்றாள் பிரபா.

அப்போது தபால்காரம்மா வந்தார். “தனக்கோடி, ஸ்பீட் போஸ்ட்.” கூட்டத்துக்கு நடுவே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். எனக்கே வெட்கமாக இருந்தது. பிரபா கையை நீட்டினாள். கொடுத்தேன். அவள் சத்தமாக, கன்னடத்தில், என்னைப் பார்த்துக்கொண்டே படித்தாள். பார்வையாளர் அமைதி காவாததற்குக் காரணம் என்ன. தம்பூரா ஏன் இல்லை. முப்பது நாளுக்குள் விளக்கம் தரவும்.

உமேஷ் முகம் சுருங்கியது. “கொடி, இங்க கொடுங்க,” என்று வாங்கினார். முத்திரையைப் பார்த்தார். கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் ஃபைலைத் திறந்து, எங்கள் நோட்டீஸின் பின்பக்கத்தை எடுத்து விரலை வைத்தார்.

“எட்டாவது நிபந்தனை பார்க்கலையா நீங்க? வாரியத்தோட கடிதப் போக்குவரத்து நடந்துட்டிருக்கிற கேஸ்ல, அது முடியற வரைக்கும் நாங்க கை வைக்கப்படாது. அங்கீகாரமோ நிராகரிப்போ, ஏதாவது ஒண்ணு வரணும்.”

“ரெண்டும் வராட்டி?” என்றாள் பிரபா.

“வராட்டி எனக்கென்னம்மா. ஃபைல் நடந்துட்டிருக்கு.” டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். “ரிவர்ஸ் எடுப்பா.”

டெம்போ சந்தில் பின்னால் போகச் சிரமப்பட்டது. உத்தமன் இறங்கி, பெரிய டிரம்மைத் தட்டித் தட்டி வழி சொன்னார். பிள்ளைகள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். நடந்துகொண்டே வாசித்தார்கள். சாஸ்திரிய நிபுணர் சொன்னது உண்மைதான், அது போக்குவரத்தாகவும் இருந்தது.

பிரபா என் பக்கம் வந்தாள். “எட்டாவத நானும் படிக்கல,” என்றாள். டெம்போ திரும்புவதைப் பார்த்துவிட்டு, “அந்த ரெண்டு மார்க்கு நீ போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“இயக்குநர் மேசைக்கு அங்கீகாரத்துக்குப் போயிருக்கும்.”

“அங்க?”

“பரிசீலனை. யாரும் லெட்டர் போடமாட்டாங்க. இன்னைக்கு மேசை இறங்கியிருக்கும்.”

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பையிலிருந்து தாளை எடுத்து மடியில் வைத்தாள். “சொல்லுண்ணா. பதில் எழுதலாம். பதில்ல ஒரு சந்தேகம் வர்ற மாதிரி சொல்லு.”

நவம்பரில் செயலாளர் எழுதினார்: தம்பூரா வாங்கத் தயார், ஆனால் அதை நடந்துகொண்டே எப்படி வாசிப்பது என்று வாரியம் தெளிவுபடுத்த வேண்டும். டிசம்பரில் நிபுணர் கேட்டார்: எத்தனை கிலோமீட்டர் நடப்பதாக உத்தேசம்? ஜனவரியில் செயலாளர் வரைபடம் இணைத்தார். இடையில் மற்ற இருநூற்றுப் பன்னிரண்டு ஃபைல்களையும் பீரோவிலிருந்து இறக்கச் சொன்னேன். அவர்களுக்கும் அறைகள் இருக்கும், வார்டுகள் இருக்கும். ஒவ்வொருவரிடமும் ஒரு விளக்கம் கேட்டேன். கோவிந்தப்பா, பசையைத் தொட்டுத் தொட்டு விரல் வெந்துபோச்சு சார் என்கிறார். வருடாந்தரக் கூட்டத்தில் இயக்குநர் என் நாற்காலியைக் காட்டிப் பேசினார்: “வாரியத்தின் வரலாற்றில் இதரப் பிரிவு இவ்வளவு உயிரோடு இருந்ததில்லை. ஆனாலும் ஒரு விஷயத்தில்கூட அவர் முடிவெடுக்கவில்லை. இதுதான் முதிர்ச்சி.” துண்டின் உறையைப் பிரிக்க அனுமதி கிடைத்தது. நான் வேண்டாமென்று எழுத்து மூலம் தெரிவித்தேன்.

வகுப்பில் இப்போது பதினேழு பேர். கடைசியாகச் சேர்ந்தவளுக்கு ஏழு வயது, டிரம்பெட்டைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். அவள் பெரியவளாகும் வரை கேட்கக் கேள்விகள் இருக்கின்றனவா என்று பட்டியல் போட்டுப் பார்த்தேன். இருக்கின்றன.

நேற்று மதியச் சாப்பாட்டு நேரத்தில், எலெக்ட்ரானிக் சிட்டி தபால் அலுவலகத்தில், ஏழாவது கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண் உறையை இரண்டு முறை பார்த்தார்.

“சார், ஃப்ரம்ல தனக்கோடி, டூவுலயும் தனக்கோடி. ஒரே ஆளா?”

“இல்லம்மா. வேற வேற.”

“சொந்தமா?”

“ஆமா. ஆனா பேச்சுவார்த்தை கிடையாது.”

பாவம் என்பதுபோல் தலையை ஆட்டி, முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குக்குள் போட்டார்.